யூலியானாவின் வரவுப் பாட்டு

ஸ்விஸ் நாட்டுப் பேர்ண் நகரத்து ஆசுப்பத்திரிச் சமையலறையில் புனிதவதி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மதியச் சாப்பாட்டில் மாட்டிறைச்சி வந்தது. சைவப் பிள்ளை. வேண்டாம் என்று சொல்லப் பாஷையும் இல்லை, துணிவும் இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்த யூலியானா தன்னுடைய உருளைக்கிழங்குத் தட்டை அவள் பக்கம் தள்ளி, இறைச்சித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பெருந்தீனிக்காரி என்று மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யூலியானாவும் கூடவே சிரித்தாள். அன்று தபசுகாலத்து வெள்ளிக்கிழமை, கத்தோலிக்கர் இறைச்சி தொடாத நாள். அந்தத் தட்டைத் தொடாமல், ஒரு துண்டு பாணோடு யூலியானா எழும்பிப் போனாள் என்பது புனிதவதிக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியும்.

அது எண்பத்தேழாம் ஆண்டு. யூலியானாவுக்கு இருபத்துமூன்று வயது, புனிதவதிக்குப் பத்தொன்பது. யூலியானா மன்னார் பேசாலைக்காரி. தகப்பன் கூத்துப் பழக்கும் அண்ணாவியார். வீட்டு முற்றத்தில் கேட்டுக் கேட்டே எல்லாப் பாட்டும் அவளுக்குப் பாடம். ஆனால் மேடை ஆண்களுக்கு. இராணி வேஷமும் ஆண்தான் கட்டுவான்.

சனிக்கிழமை பின்னேரங்களில் தேவாலயத்து நிலவறையில் அகதிப் பெண்பிள்ளைகள் கூடுவார்கள். அங்கே பெர்னதெத் என்று ஆபிரிக்காவின் சயீர் நாட்டுப் பிள்ளை ஒருத்தி, அதே ஆசுப்பத்திரியில் நிலம் துடைப்பவள், ஒரு கசற்றைக் கொண்டுவந்து போட்டாள். ஹிப்-ஹொப். வெறும் தாள அடி மட்டும் போய்க்கொண்டிருக்க, அவள் எழும்பி நின்று தன் பெயர், தன் ஊர், தன் தாய் பெயர் எல்லாவற்றையும் தாளத்துக்குச் சொன்னாள். நடுநடுவே கையை நீட்டிக் கூப்பிட்டாள். கேட்பவர்கள் பதில் குரல் கொடுக்கவேண்டுமாம். அவள் ஊரில் கதை சொல்லுகிறவர்களும் அப்படித்தானாம்.

யூலியானா கையைத் தட்டினாள்.

"இது எங்கட வரவுப் பாட்டடி! அரசன் சபைக்கு வந்த உடன தான் ஆரெண்டு பாடித்தானே மிச்சக் கதை!"

"உங்கட அப்பா கேட்டால் ரேடியோப் பெட்டியை உடைப்பார், அக்கா," என்றாள் புனிதவதி.

"அப்பா பேசாலையில. நான் இஞ்ச."

எழும்பி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அரசன் நடை நடந்தாள்.

"வந்தேன் வந்தேன் யூலியானா வந்தேன்
மன்னார்க் கடலைத் தாண்டி வந்தேன்
சட்டி கழுவும் கையோடு வந்தேன்
தள்ளி நில்லும் சபையோரே, வந்தேன்!"

பெர்னதெத்துக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் பதில் குரல் கொடுத்தாள். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் ஒவ்வொருத்தியும் தன் வரவைத் தானே கட்டவேண்டும் என்று ஆயிற்று. புனிதவதி மட்டும் "வந்தேன்" என்பதோடு நின்றுவிடுவாள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. மூன்று கிழமையில் அவளுடைய அகதி விசாரணை. பக்கத்து ஊரான ஓஸ்டர்முண்டிகனில் அவளைத் தன் வீட்டில் வைத்திருந்த தமையன் குலேந்திரன், புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் விசாரணையில் சொல்ல 'கேஸ்' எழுதிக் கொடுப்பவர். வீடு எரிந்தது, செல் குண்டு விழுந்தது, காட்டுக்குள் ஓடினோம். தங்கைக்கும் அதையே பாடமாக்கினார். அவளுக்கு நடந்தது வேறு. ஆமிக்காரர் அவளைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறக்கி இரண்டு நாள் முகாமில் வைத்திருந்தார்கள்.

"அது மட்டும் வாயில வரப்படாது," என்றார் தமையன். "மொழிபெயர்க்கிறவன் தமிழன். நாளைக்கு ஸ்விஸ் முழுக்கத் தெரியும். பிறகு உன்னை ஆர் கட்டுவான்?"

இதை ஒரு சனிக்கிழமை, நிலவறைப் படியில் வைத்து யூலியானாவிடம் சொன்னாள். யூலியானா கையில் செபமாலையை உருட்டியபடி முழுவதும் கேட்டாள். சொல்லு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒன்று சொன்னாள்.

"என்ர கேஸும் உன்ர கொண்ணர் எழுதினதுதான் பிள்ளை. நல்ல மனசோடதான் எழுதித் தந்தவர். ஆனா அதைச் சொல்லேக்க, ஆரோ வேற ஒருத்தி கதைக்கிறாள், நான் பக்கத்தில இருக்கிறன் எண்ட மாதிரி இருந்தது."

விசாரணை நாள் வந்தது. அதிகாரி தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் இருந்தார். புனிதவதி பாடமாக்கியதைத் தொடங்கினாள். வீடு எரிந்தது என்று அவள் சொல்லி, மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்குமுன்னமே, அவள் இன்னும் சொல்லாத செல் விழுந்ததையும் அதிகாரி தட்டி முடித்துவிட்டார். அவ்வளவு தரம் கேட்ட கதை.

அவள் கதையை நிறுத்தினாள். மேசைக்குக் கீழே கால் தானாகத் தாளம் போட்டது.

"ஐயா, நான் புனிதவதி. இவ்வளவும் அண்ணா தந்த கதை. எனக்கு நடந்தது வேற."

மொழிபெயர்ப்பாளர் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். தயங்கி, மொழிபெயர்த்தார். அதிகாரி தாளை உருவிவிட்டு வெள்ளைத் தாள் ஒன்று போட்டார். அவள் இரண்டு நாளையும் சொன்னாள். அழுதாளா என்று கேட்டால் அவளுக்கே நினைவில்லை. முடிந்தபோது மொழிபெயர்ப்பாளர், "தங்கச்சி, இது இந்த அறையைத் தாண்டாது," என்று மெதுவாகத் தமிழில் சொன்னார். அவர் சொல்லைக் காப்பாற்றினார்.

வீட்டிலே அவள் நடந்ததைச் சொன்னதும் தமையன், "நீ என்னைப் பொய்யன் ஆக்கிப்போட்டு வந்து நிக்கிறாய்," என்றார். இரண்டு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் புனிதவதி சனிக்கிழமை தவறவில்லை. அவளுடைய வரவுப் பாட்டு பன்னிரண்டு அடிக்கு வளர்ந்துவிட்டது. பெர்னதெத்துக்கே அதில் பாதி பாடம்.

அடுத்த ஆண்டு புனிதவதிக்கு நாட்டில் இருக்கலாம் என்று கடிதம் வந்தது. அதே மாதத்தில் யூலியானாவுக்குப் போகச் சொல்லி வந்தது. அவள் சொன்ன கதையை நம்ப முடியவில்லையாம். கர்த்தர் பாரிசில் ஒரு சின்னம்மாவை வைத்திருக்கிறார் என்று சொல்லிப் பெட்டி கட்டினாள். குலேந்திரன் தானே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையம் வரை நடந்தார். ரயில் வரும்வரை பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "அண்ணை, நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ," என்று யூலியானாதான் அவரைத் தேற்றினாள்.

ரயில் வந்து நின்றது. புனிதவதி அவள் கையை விடவில்லை.

"அக்கா, நீங்களும் உங்கட கதையைச் சொல்லியிருக்கலாமே..."

"என்னட்ட அப்ப ஒருத்தரும் கேக்கேல்லையடி. நீ கேள். புதுசா ஒரு பிள்ளை வந்தா, கேஸைப் பாடமாக்க முதல், உனக்கு என்ன நடந்தது எண்டு கேள். கேட்டுப்போட்டுப் பேசாமல் இரு. அவள் சொல்லி முடியுமட்டும் இடையில வாய் திறக்காத."