உடைந்த ஒரு போத்தல்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போயிருந்தேன். வீட்டுக்காரத் தம்பி பழைய விளையாட்டு மெசின்கள் சேர்ப்பவர். "இதை ஒருத்தரும் கணக்கெடுக்கிறேல்ல அங்கிள். எனக்கு இதுதான் உயிர்," என்று ஒன்றைப் போட்டார். திரையில் சுட்டு உடைக்கிற போத்தல்கள் பறந்தன. முன்னால் சங்கிலியில் பிளாஸ்டிக் துவக்கு தொங்கியது.

சின்ன வயதில், கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முனைக் கடையிலும் இதே மெசின் நின்றது. வெளிநாடு போவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த ரவியண்ணா ஒரு போத்தலையும் தப்பவிடமாட்டார். "உனக்கென்ன, கண்ணோ காந்தமோ?" என்று கடைக்காரர் பகிடி பண்ணுவார்.

ஒருநாள் பின்னேரம் ஆமிக்காரர் சோதனைக்கு வந்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரியைக் கண்ட ஒருவன், பிளாஸ்டிக் துவக்கை அண்ணாவின் கையில் திணித்தான்.

"கஹப்பங் மல்லி!"

சுடச் சொல்கிறான், சிங்களத்தில். நன்றாகச் சுட்டால் எங்கே பழகினாய் என்று ட்ரக்கில் ஏற்றிவிடுவான். அது எனக்கே விளங்கியது.

அண்ணா போத்தல் பறந்து போன பிறகுதான் விசையை இழுத்தார். ஒன்றும் உடையவில்லை. கடைசியில் தற்செயலாக ஒன்று உடைந்தது. ஆமிக்காரன் அண்ணாவைத் திரும்பிப் பார்த்தான்.

"பட்டுட்டுது! பட்டுட்டுது!" என்று அண்ணா சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டிக் குதித்தார்.

ஆமிக்காரன் சிரித்து, அட்டையை அவர் மேல் எறிந்துவிட்டுப் போனான். அவன் போன பிறகும் அண்ணா கைதட்டிக்கொண்டே நின்றார். கடைக்காரர் வந்து அவருடைய கைகளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"அங்கிள், ஒருக்கா அடிச்சுப் பாருங்கோவன்," என்று தம்பி துவக்கை நீட்டினார்.

எனக்குச் சுடத் தெரியாது என்றேன். தம்பி என்னை விநோதமாகப் பார்த்தார். நான் அதைச் சிங்களத்தில் சொல்லியிருந்தேன்.