மாப்பிள்ளை தட்டில் ஒரு சொட்டு நெய்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட உட்கார்ந்த மாப்பிள்ளையின் முன்னாலிருந்து தட்டைப் பிடுங்கினேன்.

ஆமாம்... நானேதான். கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகாத மாப்பிள்ளை. அவர் பிய்த்தெடுத்த துண்டு கையோடு அந்தரத்தில் நிற்கிறது. என் மகள் சுகன்யா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். என் வீட்டுக்காரர் மட்டும் தன் தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் – அடுத்தது அதுதானோ என்று பயம்.

ஏன் பிடுங்கினேன்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மாப்பிள்ளை பரணி வீகன். கறி, மீன், முட்டை மட்டுமில்லை. பால், தயிர், மோர், நெய், வெண்ணெய் எதையும் தொடமாட்டார். கன்றுக்குட்டிக்கு உள்ளதை நாம் எடுத்துக்கொள்வது அவர் மனசுக்கு ஒப்பவில்லை. கல்யாணம் பேசும்போதே சொல்லிவிட்டார்கள். நான்தான், "நாங்களும் புரட்டாசி பூரா சைவம்தானே, பாத்துக்கலாம்" என்று பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன்.

பார்த்துக்கொண்டேனா? எங்கே!

முதல் தடவை ஸ்ரீரங்கத்துக்கு வந்து தங்கியபோது விருந்து போட்டேன். தேங்காய்ப்பாலில் பாயசம், தயிர் போடாத அவியல். எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை. மனிதரோ கொறித்துவிட்டு, "போதும் அத்தை" என்று எழுந்துவிட்டார். இரண்டாம் நாளும் அதே "போதும் அத்தை"தான். பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் சுகன்யா போன் செய்தாள். "அம்மா, இனிமே காலைல வந்துட்டு சாயங்காலமே கிளம்பிடறோம். உனக்கும் சிரமம் இல்ல பாரு" என்றாள்.

ஒரே மகள். காலையில் வந்து சாயங்காலம் போவதற்குப் பெயர் பிறந்த வீட்டுக்கு வருவதா? சமயபுரத்துக்குப் போகிறவர்கள்கூட ஒரு ராத்திரி தங்கிவிட்டுத்தான் வருகிறார்கள்!

அழுதேன். யாருக்கும் தெரியாமல் இல்லை, என் வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும்படியே அழுதேன். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு மகளிடம் துருவினேன். உன் வீட்டுக்காரருக்கு அப்படி என்னதான் பிடிக்கும்? யோசித்துவிட்டுச் சொன்னாள்... ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே பான்கேக் சுடுவாராம். முட்டை, பால் இல்லாமல். அதை மட்டும் எண்ணாமல் சாப்பிடுவாராம்.

அவ்வளவுதானே? மாவைக் கரைத்து வட்டமாக ஊற்ற வேண்டிய ஒரு பண்டம். நாற்பது வருஷமாக நான் வேறு என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

மலைக்கோட்டைப் பக்கம் கேக் சாமான் விற்கிற கடையில் பேக்கிங் பவுடர் வாங்கினேன். கூடவே மேலே ஊற்றத் தேனும் ஒரு பாட்டில். தேனும் கூடாதாம்! தேனீ சேர்த்ததை எடுக்கலாமா என்று கேட்கிறாள் மகள். சரி, வெல்லப்பாகு காய்ச்சிக்கொள்கிறேன் தாயே என்றேன்.

முதல் பான்கேக்... வெங்காய வாசனை. தோசைக்கல்லைக் கண்டாலே பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்க்கிற கை இது. தேய்த்துவிட்டது. மாவில் மசித்துப் போட்ட வாழைப்பழமும் வெங்காயமும் சேர்ந்தால் என்ன வாசனை வரும் என்று தெரிய வேண்டுமானால் என் வீட்டுக்காரரைக் கேளுங்கள். அன்று மத்தியானம் வரை அவர் என்னோடு பேசவில்லை.

அடுத்த தடவை கல்லை மாற்றினேன். மாவை ஊற்றியதும் கை தானாகக் கரண்டியைச் சுழற்றிவிட்டது. சுழற்றினால் தோசை வரும், பான்கேக் எப்படி வரும்? மெலிந்து, ஓரம் முறுகி, நடுவில் கிழிந்து வந்தது. அதற்கடுத்தது கொஞ்சம் தடிமனாக வந்தபோது திருப்பிப் போட்டு அடைக்கு அமுக்குவது மாதிரி அமுக்கிவிட்டேன். உள்ளேயிருந்த காற்றெல்லாம் போய், ரப்பர்.

மூளை சொல்வதைக் கை கேட்க மாட்டேன் என்றது. கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? கரண்டியையே எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, டம்ளரால் ஊற்றினேன். டம்ளரை வைத்துக்கொண்டு யாரால் தோசை வார்க்க முடியும்?

வந்தது! நன்றாகவே வந்தது. கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: ஒரு கப் கோதுமை மாவு, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு, கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை. கனிந்த பூவன்பழம் ஒன்றை மசித்துப் போடுங்கள், முட்டையின் வேலையை அது பார்த்துக்கொள்ளும். தேங்காயின் இரண்டாம் பாலில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்து, ஒரு ஸ்பூன் எண்ணெயும் விட்டுக் கலக்குங்கள். இட்லி மாவு பதம். கட்டி கட்டியாக இருந்தால் இருக்கட்டும், அடித்துக் கலக்கினால் ஜவ்வாகிவிடும். பத்து நிமிஷம் மாவை விட்டுவிட்டு, தீயைக் குறைத்து ஊற்றுங்கள். மேலே குமிழி வந்து வெடித்ததும் ஒரே ஒரு தடவை திருப்புங்கள். அமுக்கவே அமுக்காதீர்கள்!

இப்படியாகத்தான் போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் ரயிலில் வந்தார்கள், சாயங்காலம் திரும்ப டிக்கெட். பையைக்கூடப் பிரிக்கவில்லை சுகன்யா. கூடத்து மூலையில் அப்படியே நின்றது அந்தப் பை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுட்டேன். ஒவ்வொன்றும் உப்பி, பொன்னிறமாக... திருஷ்டி சுற்றிப் போடலாம் போலிருந்தது. மூன்றை அடுக்கிக் கொண்டுபோய் மாப்பிள்ளை முன்னால் வைத்தேன். அவர் முகம் மலர்ந்ததே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மேஜையில் நெய்க் கிண்ணம் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு இட்லிப் பொடிக்கு நெய் இல்லாவிட்டால் இறங்காது. இட்லியோ பொங்கலோ, மாப்பிள்ளை தட்டில் எது வைத்தாலும் அதன் தலையில் ஒரு சொட்டு நெய் விடாவிட்டால் அவமரியாதை என்று எங்கள் வீட்டில் பழக்கிய கை இது. என்ன செய்திருக்கும்?

விட்டுவிட்டது.

கிண்ணத்தை மூடும்போதுதான் உறைத்தது. கரண்டியை ஒளித்து வைத்தவளுக்கு நெய்க் கிண்ணத்தை ஒளிக்கத் தோன்றவில்லையே! நிமிர்ந்தால், அவர் ஒரு துண்டைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோகிறார். பாய்ந்து பிடுங்கினேன்.

"நெய் விட்டுட்டேன். பாக்கலியா நீங்க?"

"பாத்தேன் அத்தை" என்றார் மெதுவாக.

"பாத்துட்டுமா வாயில வைக்கப் போனீங்க?"

"இவ்வளவு கஷ்டப்பட்டு சுட்டிருக்கீங்க. வேணாம்னு சொல்ல மனசு வரல."

சுகன்யாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. போன தடவை ரசமும் நெய்யில் தாளித்தது, பருப்பிலும் நெய் என்று போட்டு உடைத்தாள். அன்றும் எனக்கே தெரியாமல் இதே கை செய்த வேலை. வாசனையிலேயே இவருக்குத் தெரிந்துவிட்டதாம். என் மனசு நோகக்கூடாது என்று இரண்டு நாளும் முழுங்கி வைத்திருக்கிறார். அம்மாவையும் குறை சொல்ல முடியாமல், புருஷன் முழுங்குவதையும் பார்க்க முடியாமல்தான் அவள் காலையில் வந்து சாயங்காலம் போகிற திட்டம் போட்டிருக்கிறாள்.

நெஞ்சு உருகியிருக்க வேண்டும்தானே? எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம்!

"இதப் பாருங்க மாப்பிள்ள. வேணாம்னா வேணாம்னு சொல்லணும். மரியாதைக்கு முழுங்கிட்டுப் போறவங்க விருந்தாளி. குறை சொல்றவங்கதான் வீட்டு ஆளு. நீங்க யாருன்னு நீங்களே சொல்லுங்க."

அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று எனக்கே பட்டது. இனி காலையில்கூட வராமல் போய்விட்டால்?

நான் உள்ளே போய் நெய் படாத பான்கேக் மூன்றை வேறு தட்டில் கொண்டுவந்து வைத்தேன். பரணி ஒரு வாய் சாப்பிட்டார். மென்றார். சுகன்யாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அத்தை... வாழைப்பழம் கொஞ்சம் தூக்கலா இருக்கு. பாகும் ரொம்ப கெட்டி."

அப்பாடா! சத்தியமாகச் சொல்கிறேன், அவர்களுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்றுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை. நான் சிரிக்க ஆரம்பித்தேன், சுகன்யா சிரித்துக்கொண்டே அழுதாள். குறை சொன்ன மனிதர் எண்ணாமல் சாப்பிட்டார். மாவு தீர்ந்து, மறுபடி கலக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது மாவை அவரே வந்து கலக்கினார். டம்ளரைப் பார்த்துவிட்டுக் கரண்டி எங்கே என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

சாயங்காலம் டிக்கெட்டை ரத்து செய்தார்கள். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு எல்லோருமாக முக்கொம்புக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தோம். கூடத்து மூலையில் இருந்த பை பிரிந்து, துணியெல்லாம் நாற்காலி நாற்காலியாகக் கிடந்தது. மடித்து வைக்க எனக்கு மனசே வரவில்லை, அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை இட்லி. நெய்க் கிண்ணம் பரணில். பரணி ஒரு வாய் வைத்ததுமே, சட்னியில் உப்பு கம்மி அத்தை என்றார், கூச்சமே இல்லாமல். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது – தேன் கூடாதுதான், இருந்தாலும்.

அந்தத் தைரியத்தில் என் வீட்டுக்காரரும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆமாமா, எனக்கும்கூட..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க பேசாம சாப்பிடுங்க" என்றேன்.