விளக்கெண்ணெய் என்ற சொல்

1947 மார்ச்சில், கம்பத்து ஏலத்தோட்ட முதலாளி மொக்கைச்சாமி தம் கொட்டகையில் கட்டிய சிறு விமானத்தின் இடச்சக்கரம் மடங்காமல் நின்றது. எண்ணெய் அழுத்தத்தால் மடங்கும் அச்சக்கரத்தைப் பராமரித்தவர், விமானப்படையில் பணியாற்றித் திரும்பிய ஃபிட்டர் நூர் முகம்மது.

“உங்கள விட்டா ஆளில்லன்னு காட்டத்தான் கெடுத்து வச்சீகளோ, பாய்? நாளைக்குள்ள காரணம் தெரியலைன்னா போலீஸ் ஸ்டேஷன்தான்” என்றார் முதலாளி.

குழாயில் காற்று புகவில்லை, பம்பும் பழுதில்லை. சக்கரத்தை மடக்கும் எண்ணெய் உருளையை நூர் முகம்மது திறந்தபோது ரப்பர் வளையம் ஊதிப் பிதுங்கியிருந்தது. மண்ணெண்ணெய் வாடை வீசியது; அது பட்டால் ரப்பர் ஊதிவிடும். எண்ணெய் குறைந்தால் விளக்கெண்ணெய் ஊற்றும்படிதான் காவலாளி குட்டப்பனிடம் அவர் சொல்லியிருந்தார். யாரோ வேண்டுமென்றே செய்ததாக எண்ணிக் குட்டப்பனை அழைத்தார்.

“பாய் விளக்கெண்ணெய்னுதானே சொன்னீக? அரிக்கேன் விளக்குல இருந்துதான் ஊத்தினேன்.”

குட்டப்பனின் தாய்மொழியான மலையாளத்தில் ஆமணக்கு எண்ணெயின் பெயர் ‘ஆவணக்கெண்ண’. விளக்கெண்ணெய் என்றால் அவருக்கு விளக்கில் எரிவது.

“ரெண்டு பேரும் பேசி வச்சுச் சொல்றீகளோ?” என்றார் முதலாளி.

“வேற வளையம் மாட்டித் தாரேன். எண்ணெயை நீங்களே ஊத்துங்க, முதலாளி” என்றார் நூர் முகம்மது.

மொக்கைச்சாமி முகர்ந்து பார்த்துவிட்டே ஊற்றினார். சக்கரம் மடங்கியது. ‘பிழை குட்டப்பனுடையதன்று, நான் சொன்ன சொல்லுடையது’ என்று பணிக்குறிப்பேட்டில் நூர் முகம்மது எழுதினார். அதை இருமுறை படித்த பிறகே முதலாளி கையெழுத்திட்டார்.