பத்திரப் பதிவுக்கு முன் எடுத்த சீட்டு

வீட்டுக் கடன் சாங்ஷன் ஆன தேதியிலிருந்து அடமானப் பத்திரம் பதிவாகும் தேதி வரை உறுப்பினர் புதிதாக எந்தக் கடனும் வாங்கக் கூடாது. யாருக்கும் ஜாமீன் நிற்கக் கூடாது. தவணையில் பொருள் எடுக்கக் கூடாது. தவிர்க்க முடியாமல் எடுக்க நேர்ந்தால், சங்கத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பதில் கிடைத்த பிறகே பதிவுக்குப் போக வேண்டும். எங்கள் ஊழியர் வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதிகளில் இப்படி ஒன்று இருந்தது. சங்கத்தில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். செயலாளரே படித்ததில்லை என்பது பின்னால் உறுதியானது.

விதியைக் குறை சொல்ல மாட்டேன். சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் கடன் தருகிறார்கள். தந்த கையோடு அந்த ஆள் புதுவீட்டுக்கென்று தவணையில் ரேடியோ வாங்கி, மின்விசிறி வாங்கி, மச்சானுக்கு ஜாமீனும் போட்டால், பிடிப்பதற்குச் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? எழுதியவர் நம் ஆட்களை நன்றாக அறிந்தவர். ஆனால் ஏலச் சீட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ராயபுரத்து ஆட்களுக்குக் கடன் விதி எழுதிச் சீட்டை விட்டுவிடுவது, துறைமுகத்துக்கு விதி எழுதிக் கப்பலை விட்டுவிடுவது போல.

அது 1972. துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் நான் எழுத்தர். மற்றவர்களின் விடுப்பு, ஊதிய உயர்வு, ஓய்வு எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். குடியிருந்தது ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு போர்ஷனில். ஓர் அறை, ஒரு சமையல் மூலை; குழாயும் கழிப்பறையும் நாலு குடும்பத்துக்குப் பொது. வீட்டுக்காரர் தன் மகனுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார். புது ஜோடிக்கு எங்கள் போர்ஷன் வேண்டும், பொங்கலுக்குள் காலி செய்துவிடுங்கள் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார்.

திருவொற்றியூரில் ஒரு வீடு அமைந்தது. இரண்டு அறை, ஓட்டுக்கூரை, ஒரு கிணறு. என் மனைவி மயங்கியது இவற்றில் எதையும் பார்த்தல்ல. பின்கட்டில் இருந்த தனிக் கழிப்பறையைப் பார்த்து. கதவைத் திறந்து, மூடி, தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள்.

"க்யூல நிக்காம போலாம். வேற இன்னாங்க வோணும்? இதையே முடிங்க."

விற்பவர் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு, கோலார் தங்கவயலில் இருந்த மகளிடம் போய்விட முடிவு செய்திருந்தார். முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதினோம். பொங்கலுக்குள் கிரயம் முடிய வேண்டும். தவறினால் அவர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அந்த வாசகத்தை எழுதியதும் நான்தான். ஒப்பந்தம் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும்.

செப்டம்பரில் கடன் சாங்ஷன் ஆனது. கிரயப் பத்திரமும் அடமானப் பத்திரமும் ஒரே நாளில் பதிவாகும், சங்கம் அங்கேயே விற்பவருக்குப் பணம் கொடுத்துவிடும் என்பது ஏற்பாடு. முத்திரைத்தாள் செலவும் பதிவுக் கட்டணமும் மட்டும் எங்கள் பொறுப்பு. அதற்கு என்ன வழி என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாலை என் மனைவி பிஸ்கட் டப்பா ஒன்றை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே நோட்டுகள்.

"இது ஏது?"

"சீட்டு எட்த்துட்டேன். கோயிலாண்ட மீன் விக்கிற அக்கா புடிக்கிற சீட்டு. இந்த மாசம் நான்தான் ஜாஸ்தி தள்ளிக் கேட்டேன்."

"இன்னும் எத்தன மாசம் கட்டணும்?"

"பாதிக்கு மேல கீது. ஏன்?"

"அப்ப இது கடன்."

அவள் சிரித்தாள். "இன்னாங்க பேசுறீங்க? மாசாமாசம் என் கையால கட்டின துட்டு. நம்ம துட்ட நாமளே எட்த்துகினு வந்தா அது கடனா?"

எடுக்காத வரை சீட்டு சேமிப்பு. எடுத்த நொடியிலிருந்து மீதித் தவணை முழுவதும் கடன். தள்ளிக் கேட்ட தொகைதான் அதற்கு வட்டி என்று விளக்கினேன். ராயபுரத்தில் இதை மனைவிக்குப் புரியவைத்த கணவன் இதுவரை பிறக்கவில்லை. துணைவிதிப்படி சங்கத்துக்கு எழுத வேண்டும் என்றதும் அவள் சிரிப்பு நின்றது.

"யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கல."

"கேக்காததுக்கு ஏன் பதில் சொல்றீங்க? பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாக்கூட, சீட்டு எடுத்தியான்னு சாமியாரு கேக்க மாட்டாரு."

மறுநாள் எழுதினேன். பொருள், பார்வை, விவரம், கோரிக்கை என்று ஒரு பக்கத்தில் அடக்கி, நகலில் சங்கத்தின் முத்திரையும் வாங்கிக்கொண்டேன். அந்தக் கடிதத்தில் நீக்க வேண்டிய சொல் ஒன்றும் இல்லை என்று இன்றும் சொல்வேன்.

சங்க அலுவலகம் எங்கள் கட்டடத்திலேயே, மாடிப்படிக்குக் கீழே இருந்த ஓர் அறை. கணக்குப் பிரிவில் வேலை பார்த்த ஒருவர் மதிய இடைவேளையில் மட்டும் அங்கே வந்து செயலாளராக உட்காருவார். என்னைக் கூப்பிட்டனுப்பினார். கடிதம் அவர் சாப்பாட்டு டப்பாவின் மேல் கிடந்தது.

"யோவ், இன்னாய்யா இது?"

துணைவிதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். நின்றுகொண்டே படித்தார்.

"இப்டி ஒண்ணு கீதா? சரி, வாய்ல சொல்லியிருந்தா நான் காதுல வாங்காம வுட்டிருப்பேனே. சீல் வெச்சு உள்ள அனுப்பிட்டியே. இனிமே கமிட்டிதான் பாக்கணும்."

"கமிட்டி எப்போ கூடும்?"

"ஆள் சேந்தா கூடும்."

அக்டோபரில் ஆள் சேரவில்லை. பாதிப் பேருக்கு ஷிப்டு, ஒருவருக்கு மஞ்சள் காமாலை. நவம்பரில் சேர்ந்தது. என் கடிதத்தைச் செயலாளர் வாசித்தாராம். பிறகு ஒருவர், "எடுத்த சீட்டு கடன்னா, இங்க குந்திகினு கீற நம்ம எல்லாருமே கடன மறைச்சவங்கதான்" என்றாராம். கடன் என்று சொன்னால் அவர்களுக்குச் சங்கடம். கடன் இல்லை என்று சொல்ல, எழுத்தில் கேட்டவன் நானாயிற்றே என்று பயம். கூட்டுறவுத் துறையின் கருத்துக்கு அனுப்புவது என்று தீர்மானம் போட்டுவிட்டு டீ குடித்துக் கலைந்தார்கள்.

அதன் பிறகு என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. காலையில் வந்ததும் மாடிப்படிக்குக் கீழே ஒரு நடை, மதியம் ஒரு நடை, கிளம்பும்போது ஒரு நடை. தபால் வந்ததா என்று கேட்க மாட்டேன். அறை வாசலில் நின்று செருப்பைச் சரிசெய்துகொள்வேன். ஞாயிறு பூசை முடிந்ததும் எங்களுக்கு வீட்டுக்குப் போகக் கால் வராது. பஸ் பிடித்துத் திருவொற்றியூர் போய், அந்தத் தெருவில் எதிர்ச் சாரியில் நின்று, இன்னும் எங்களுடையது ஆகாத ஜன்னல்களைப் பார்த்துவிட்டு வருவோம். லாரிகள் போகும்போது தூசியில் வீடு மறையும், மறுபடி தெரியும். உள்ளே போனால் ஃபிட்டர் எப்போது கிரயம் என்று கேட்பார். அதனால் போவதில்லை. வீட்டில் மனைவி பாத்திரங்களைக் கோணியில் கட்டுவாள்; சமைக்க ஒன்று வேண்டும் என்று அவிழ்ப்பாள்; மறுபடி கட்டுவாள்.

டிசம்பரில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மீன்காரக்காவிடம் பேசி, எடுத்த சீட்டை வேறொரு பெண்ணுக்கு மாற்றிவிட்டாள். பணத்தை அவளிடம் கொடுத்தாயிற்று. மீதித் தவணையும் அவள் தலையில். முத்திரைத்தாள் செலவுக்குத் தன் வளையல்களை விற்றாள். அடகு வைக்கவில்லை. அடகு வைத்தால் அதற்கும் நான் ஒரு கடிதம் எழுதுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

கடன் தீர்ந்தது என்று இரண்டாவது கடிதத்தை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போனேன்.

"மொதக் கடுதாசிக்கே பதில் வரல. இத்தயும் அத்தோட சேத்து மேல அனுப்பிடறேன்" என்றார்.

"சீட்டே இல்ல இப்போ. எதுக்கு அனுமதி?"

"கேட்டது நீதானே?"

"அப்போ மொதல் கடிதத்த வாபஸ் வாங்கிக்கறேன்."

"மேல போன கடுதாசிய யாராலய்யா வாபஸ் வாங்க முடியும்?"

என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்களுக்கு நானே பல தடவை சொன்னதுதான் அது. பதில் கிடைத்த பிறகே பதிவு என்று புத்தகத்தில் இருப்பதை, இப்போது விதி படித்துவிட்ட செயலாளர் என்னைவிட உறுதியாகப் பிடித்துக்கொண்டார்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு ஃபிட்டர் எங்கள் போர்ஷனுக்கே வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மனைவி காபி கொடுத்தாள்.

"நைனா, எண்ணூர்ல கம்பெனி வேலை பாக்கறவரு ஒருத்தரு ரொக்கமா வெச்சுகினு நிக்கறாரு. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

"இன்னும் ஒரு வாரம் பாருங்களேன்."

"ஒரு வாரத்துல வந்துடுமா?"

வந்துவிடும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. எத்தனை கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து கொஞ்சம் நோட்டுகளை எடுத்துத் தரையில் வைத்தார்.

"முழுசா இல்ல. டிக்கெட்டுக்கும் சாமான் ஏத்தறதுக்கும் எட்த்துகினேன். மிச்சம் இது."

"ஒப்பந்தப்படி நீங்க இதைத் திருப்பித் தர..."

நான் முடிப்பதற்குள் மனைவி குனிந்து நோட்டுகளை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "தேங்ஸுங்க, பெரியவரே. மகளக் கேட்டதா சொல்லுங்க" என்றாள். அவர் போன பிறகு கோணிகளைச் சமையல் மூலையிலிருந்து வாசலுக்கு இழுத்தாள். பாதியில் நின்று, "இப்ப எங்க போறது? அத்தயாவது சொல்லுங்க" என்றாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு வாடகைக்கு வீடு தேடக் கிளம்பினேன்.

புளியந்தோப்பில் கிடைத்தது. ஓர் அறை, ஆறு குடும்பம், பின்பக்கம் ஒரே கழிப்பறை. பொங்கலன்று காலை என் மனைவி அந்த வரிசையில் கையில் வாளியோடு நின்றாள். அவளுக்கு முன்னால் நாலு பேர். திரும்பி வந்து வாளியை வைத்தபோது, சங்கத்துக்குக் கடிதம் எழுதியதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் தரப்பை எடுத்துச் சொல்லியிருப்பேன்.

எண்ணூர்க்காரர் குடியேறி, ஜன்னல்களுக்குப் பச்சை வர்ணம் அடித்து, கிணற்றுக்குப் புதுக் கயிறு போட்ட பிறகும் எங்கள் கோப்பு மேலே இருந்தது. கடைசியில் கூட்டுறவுத் துறையின் உத்தரவு வந்து, சங்கம் அதை எனக்குப் பழைய முகவரிக்கு அனுப்பியது. கல்மண்டபத்து வீட்டுக்காரர் தன் மருமகள் கையில் கொடுத்தனுப்பினார். உறுப்பினர் எடுத்துள்ள சீட்டுக்கு அனுமதி வழங்கப்படுவதாகவும், மேலும் தாமதமின்றி அடமானப் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதில் இருந்தது. கிடைத்த தேதியை வழக்கம்போல் உறையின் மேல் மூலையில் குறித்தேன்: 11.6.1973.