ஜோசெத் குறைத்த நான்கு மணி நேரம்

தட்டாஞ்சாவடியில் ஒரு டீசல் சோதனைக்கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கும் ஜோசெத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸில் யாரும் உட்கார மாட்டார்கள். அழுகின முட்டை வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும்.

வேலை அப்படி. டீசலில் உள்ள கந்தகத்தை எடுக்காமல் எரித்தால் புகை ஊரையே கெடுக்கும். அதை எடுக்கத்தான் கோபால்ட்டும் மாலிப்டினமும் ஏற்றிய, குச்சி குச்சியான வினையூக்கி. அதன் குணம் கொஞ்சம் வேடிக்கை. கந்தகத்தைப் பிடுங்க வேண்டுமானால் முதலில் அதற்கே கந்தகத்தை ஊட்ட வேண்டும்; சூட்டை மெல்ல மெல்ல ஏற்றி, எட்டு மணி நேரம். அப்போதுதான் உலோகம் சல்ஃபைடாக மாறும். பிறகு ஹைட்ரஜனோடு டீசலை விட்டால் கந்தகம் அந்த முட்டை வாடை வாயுவாகப் பிரிந்துவிடும். அவசரப்பட்டால் அரைவேக்காடுதான். ஜோசெத்துக்கு இது தூக்கத்திலும் தெரியும்.

தெரிந்தேதான் செய்தாள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

இரண்டு வருடம் முன்பு, ஒரு சனிக்கிழமை. செந்தமிழ்ச்செல்வி என்ற ஆராய்ச்சி மாணவி, நாலு வருடம் பாடுபட்டுச் செய்த வினையூக்கியைச் சோதிக்கக் கொடுத்திருந்தாள். அன்று மாலை தங்கை மகள் அனைஸுக்கு ஞானஸ்நானம், ஜோசெத்தான் ஞானத்தாய். பச்சைக் குழந்தையை அந்த வாடையோடு எப்படித் தூக்குவது? வினையூக்கிக்குக் கந்தகம் ஊட்டுவதை நாலு மணி நேரத்தில் நிறுத்தினாள். டீசலை விட்டுச் சோதிப்பதை அடுத்த ஷிஃப்ட்காரரிடம் விட்டுவிட்டுக் குளிக்க ஓடினாள். குறிப்பேட்டில் எட்டு என்றே எழுதினாள்.

கந்தகம் பாதிகூடக் குறையவில்லை. முடிவை வாங்கிய செல்வி, "நீங்க சரியாதான் செஞ்சிருப்பீங்கக்கா, எங்கிட்டதான் தப்பு" என்றாள். அதற்குச் செருப்பால் அடித்திருந்தால் தேவலை. செல்வி ஆராய்ச்சியை விட்டுவிட்டுச் சாரம் பகுதியில் டியூஷன் எடுக்கப் போய்விட்டாள்.

வேலை போய்விடுமே என்று ஜோசெத் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அனைஸ் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போதெல்லாம் செல்வியின் முகம்தான் வந்து நிற்கும்.

போன வாரம் அலமாரியில் செல்வியுடைய வினையூக்கி இருந்த புட்டி அகப்பட்டது. ஒரு சோதனைக்குப் போதுமானது மிச்சமிருந்தது. இந்த முறை எட்டு மணி நேரமும் ஜோசெத் நகரவில்லை. முடிவைப் பார்த்தாள். கந்தகம் அநேகமாக முழுசாகவே போயிருந்தது. முடிவுத் தாளின் அடியில், முதல் தடவை நேரத்தைக் குறைத்தது தான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குளிக்கக்கூடத் தோன்றாமல் சாரத்துக்குப் போனாள்.

செல்வி வாசலுக்கு வந்தாள். வாடைக்கு அவள் மூக்கைச் சுளிக்கவில்லை, சிரித்தாள்.

"இன்னிக்கு நல்லா ஊட்டியிருக்கீங்க போலக்கா. எத்தனை மணி நேரம்?"

"எட்டு. உன்னோடதுக்குத்தான் செல்வி."

தாளை நீட்டினாள். செல்வி கடைசி வரி வரை படித்தாள். சிரிப்பு போய்விட்டது.

"கொழந்தைக்கு ஞானஸ்நானம்னு அன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள் ஜோசெத்.

"எந்த எடத்துல தப்பு பண்ணேன்னு," செல்வி மெல்லச் சொன்னாள், "ரெண்டு வருஷமா தெனமும் என் ஆராய்ச்சி நோட்டத் தொறந்து தேடிட்டிருக்கேன்கா."