ஸ்டோர் ரூமில் ஓர் ஒலிப்பதிவு அறை

மலேசியாவின் மூவார் நகரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் குணாளன் பத்தொன்பது வருடமாகப் பலகை அறுக்கும் இயந்திரத்தில் நின்றான். கம்பெனி கொடுத்த காதடைப்பான் அவன் சட்டைப் பையிலேயே கிடக்கும். பிளேடு மழுங்கினால் சத்தம் மாறும், அதைக் காது கேட்டால்தான் பிடிக்க முடியும் என்பான். சூப்பர்வைசரே அவனைக் கூப்பிட்டுக் கேட்பார். "நம்ம காது மெஷின விட ஒஸ்தி லா," என்று சிரிப்பான்.

அந்தக் காதின் மேல் அவனுக்கு நம்பிக்கை இருக்கக் காரணமும் இருந்தது. பதினைந்து வயதிலிருந்து கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் கீபோர்டு வாசித்தவன். சொந்தமாக மெட்டுப் போட்ட பாட்டுகள் முப்பதுக்கு மேல் நோட்டுப் புத்தகங்களில் கிடந்தன. அவற்றில் ஒன்றாவது ஒழுங்காகப் பதிவாகி நாலு பேர் காதில் விழ வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் அவனுக்கு வேறு பெரிய ஆசை இல்லை.

அவர்கள் இருந்தது மூன்றாம் மாடி ஃபிளாட்டில். சமையலறைக்குப் பின்னால் ஒரு ஸ்டோர் ரூம், ஏழடிக்கு ஆறடி. மனைவி யோகேஸ்வரி அங்கிருந்த அரிசி டின்னையும் பலகாரச் சட்டிகளையும் கட்டிலுக்கு அடியில் தள்ளி இடம் ஒழித்துக் கொடுத்தாள். சத்தம் புகாமலிருக்கச் சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்று சொன்னவர்களை அவன் நம்பவில்லை. கழிவு மரத்தைக் கேட்டு வாங்கிச் சட்டம் அடித்தான். உள்ளே கனமான பஞ்சுப் பாளங்களை வைத்துத் துணியால் மூடினான். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினான். ஒரு மேசை, கம்ப்யூட்டர், மைக், ஹெட்போன். பாடுபவர் உட்கார்ந்தால் அவன் முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்து ஏழு மாதம் வேலை செய்தான்.

முடித்த அன்று காற்றாடியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தி உட்கார்ந்தான். பழைய பேப்பர் வாங்கும் லாரி கீழே ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனது. உள்ளே லேசாகத்தான் கேட்டது. அவனுக்குச் சந்தோஷம். லாரி போன பிறகு, மெல்லிய கம்பி இழுத்தது போல 'ஙீ' என்று ஒரு சத்தம். வயரிங் கோளாறு என்று நினைத்து மெயின் சுவிட்சையே இறக்கினான். சத்தம் நிற்கவில்லை.

"யோகா, இங்க வந்து கேளு. ஏதாச்சும் கேக்குதா?"

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். "ஒன்னும் கேக்கலையே. என் மூச்சுதாங்க கேக்குது."

மொட்டை மாடித் தண்ணீர் பம்பாக இருக்கும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

முதல் பாட்டைப் பாட சாந்தினி வந்தாள். பாலர் பள்ளி ஆசிரியை. அவனுடைய குழுவில் முன்பு பாடியவள். வியர்க்க வியர்க்கப் பாடிவிட்டுப் போனாள். மூன்று வாரம் உட்கார்ந்து அவன் குரலையும் இசையையும் சேர்த்தான். குரல் மங்கலாகவே கேட்டதால், கூர்மையைக் கூட்டிக்கொண்டே போனான். அனுப்பி வைத்ததும் அவள் போன் செய்தாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. 'ச' வர்ற எடமெல்லாம் காதக் குத்துது."

"ஒன் ஹெட்போன் மட்டம்மா."

சொன்னானே தவிர மனம் கேட்கவில்லை. அறையில் பஞ்சு அதிகமாகிவிட்டது, அதுதான் தன்னை ஏமாற்றுகிறது என்று நினைத்தான். பாதிச் சட்டங்களைக் கழற்றி, வேறு மாதிரி மாட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தான். அதை ஸ்பீக்கரில் போட்டபோது, தேத்தண்ணி கொண்டு வந்த யோகேஸ்வரி ஒரு கையால் காதைப் பொத்துவதைப் பார்த்தான்.

"ஒனக்குமா?"

அவள் தயங்கினாள். "கத்தி தீட்டற மாதிரி இருக்குங்க."

"எனக்கு அந்த எடம் இன்னும் மந்தமாத்தான் கேக்குது," என்றான். அதைச் சொல்லும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவனை ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்தார்கள். தன்னுடையதைவிட நல்ல அறை என்று சுவரைத் தொட்டுப் பார்த்தான். சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். தாழ்ந்த சுருதிச் சத்தங்களுக்கு அழுத்தினான். பிறகு ஒன்றும் வரவில்லை. முடிந்துவிட்டது என்று எழப் போனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்யும் மலாய்ப் பெண் இன்னும் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டே, அவன் விரலைப் பார்த்துக் காத்திருந்தாள்.

உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன் போய்விட்டது, திரும்பி வராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று அவள் நிதானமாகச் சொன்னாள். அந்த 'ஙீ' சத்தம் அறையில் இல்லை, அவன் காதுக்குள்ளேதான் இருக்கிறது என்றாள். எத்தனை வருடமாக அது அங்கே இருந்ததோ, தொழிற்சாலை இரைச்சலில் அவனுக்குத் தெரியவே இல்லை.

"நான் கேட்டுச் சொல்றேங்க. எது கூட, எது கம்மின்னு," என்றாள் யோகேஸ்வரி. இரண்டு ஞாயிறு முயன்றார்கள். "கொறைங்க... இன்னும்... போதும்னு நெனைக்கிறேன்." அவன் திருகினான். அவனுக்கு எந்த மாற்றமும் கேட்கவில்லை. இரண்டாவது ஞாயிறு ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

"யாரோ போட்ட பாட்டுக்கு நான் பட்டன் திருகிட்டிருக்கேன், யோகா."

அவள் ஹெட்போன் வயரைச் சுருட்டி வைத்தாள்.

பதிவுகளைச் சாந்தினியிடமே கொடுத்துவிட்டான். அதன் பிறகு அந்த அறைக்குள் அவன் போகவில்லை. அமைதியாக இருந்தால் காது இன்னும் கத்தியது. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் டிவி ஓடியது. சட்டங்களைக் கழற்றிவிடலாமா என்று அவள் கேட்டதற்கு, "இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னான்.

நான்கு மாதம் கழித்துச் சாந்தினி பாட்டை அனுப்பினாள். ஜொகூர் பாரு நகரில் ஓர் ஒலிப்பதிவாளர் முடித்துக் கொடுத்திருந்தார். மெட்டு என்று அவன் பெயர் போட்டிருந்தது. குணாளன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து போனைக் காதோரம் பிடித்துக் கேட்டான். போர்வைக்குள்ளிருந்து யாரோ பாடுவது போல இருந்தது. போனை யோகேஸ்வரியிடம் நீட்டினான். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டாள்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டான்.

"நல்லா இருக்குங்க," என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.