விருந்தாளி பார்த்த அலமாரி

வெளிநாட்டு உதவி எப்படிச் செலவாகிறது என்று பார்த்து எழுதும் அலுவலகம் எங்களுடையது. பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி. என் பங்குக்கு ஒரு குட்டித் தீவு நாடு. அது அடுத்தவர் கையை எவ்வளவு எதிர்பார்க்கிறது என்பதை வருடாவருடம் ஒரு கோடாக வரைவேன். கோடு இறங்கினால் எல்லோருக்கும் சந்தோஷம். அந்த நாட்டுக்கு நான் போனதே இல்லை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து போவதற்கே உயிர் போகிறது.

அங்கே ஒரு மருத்துவ நிலையத்தின் தாதி மாதாமாதம் திரையில் வருவார். இன்சுலின் கையிருப்பைச் சொல்வார், மழையைப் பற்றியும் சொல்வார். அந்த மருந்து முழுக்க உதவியாக வருவது. அவருடைய தங்கையும் அதை நம்பித்தான் இருந்தாள்.

போன ஆண்டு, பணம் கொடுக்கும் நாட்டிலிருந்து ஓர் அதிகாரி நேரில் பார்க்கப் போனார். மருந்து அலமாரி நிரம்பி வழிகிறது, இவர்கள் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எழுதினார். என் கோடு சட்டென்று இறங்கியது.

அடுத்த அழைப்பில் தாதி சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். வெளியூர்க்காரருக்கு வெறும் அலமாரியைக் காட்டுவது அவர்கள் ஊரில் மரியாதை இல்லையாம். சுற்றியிருக்கும் நிலையங்களில் மருந்தை இரவல் வாங்கி அடுக்கியிருக்கிறார்கள். அதிகாரி படகு ஏறியதும் திருப்பிக் கொடுத்தாயிற்று. எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. தமிழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் அம்மாவும் பக்கத்து வீட்டு நாற்காலிகளை வாங்கித்தான் போடுவார்.

எங்கள் பிரிவுக்கு மேலாளராக இருந்த அக்காவிடம் ஓடினேன்.

“அவங்க கண்ணால பார்த்துட்டு எழுதியிருக்காங்க லா. நாம இங்க உட்கார்ந்துகிட்டு இல்லன்னு சொன்னா எடுபடுமா?”

இருந்தாலும் பணம் கொடுக்கும் நாட்டுக்கு அக்கா எழுதிப் போட்டார். கவனத்தில் கொள்கிறோம் என்று பதில் வந்தது. பிறகு இன்சுலின் நின்றது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. கீழே கடைக்குப் போய் ஒரு தே தாரேக் டீ குடித்துவிட்டு வந்து அடுத்த நாட்டின் கோட்டைத் திறந்தேன்.

கடைசி அழைப்பில் தாதி சிரிக்கவில்லை. தங்கை பாதி அளவுதான் போட்டுக்கொள்கிறாள் என்றார். அப்புறம் தயங்கிக் கேட்டார்.

“அவரை இன்னொரு முறை வரச் சொல்வீர்களா? இந்த முறை அலமாரியை உள்ளபடியே காட்டுகிறோம்.”

இனி யாரும் வரமாட்டார்கள் என்று சொன்னேன். சரி என்றார். எனக்கு நன்றி வேறு சொன்னார்.

அன்று கொமுட்டரில் உட்கார இடம் கிடைத்தது. கிள்ளான் வரை நன்றாகத் தூங்கினேன்.